புது ஜெர்சி வந்ததும் ரசிகர்கள் கொதிப்பது எதற்கு?

கேள்வி: நான் சென்னையின் எஃப்சி கால்பந்து கிளப்பின் ரசிகன். ஒவ்வொரு சீசனும் புது ஜெர்சியின் படம் வெளியான அன்று எங்கள் நண்பர்களுக்குள் பெரிய சண்டை. ஒருவன் குப்பை என்கிறான், இன்னொருவன் இதுவரை வந்ததிலேயே இதுதான் அருமை என்கிறான். யார் பேச்சைக் காதில் போட்டுக்கொள்வது? ரசிகர்களைக் கேட்டுத்தான் கிளப் ஜெர்சி போட வேண்டுமா? ஜெர்சி நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

பதில்:

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிறமும் சின்னமும் ரசிகர்களுடைய சொத்து. அதில் கை வைத்தால் வருகிற கோபத்துக்கு கிளப் பதில் சொல்லியே ஆக வேண்டும். கோடு, காலர், கைப்பட்டை பற்றிய கோபம் இரண்டு வெற்றி வந்தால் கரைந்துவிடும், அதற்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. விலை, துணி, முதுகில் உள்ள எண் பற்றி ஒரு முணுமுணுப்பு இருக்கும். சத்தம் குறைவு, ஆனால் அதிலேதான் விஷயம் இருக்கிறது.

பெரியமேட்டில் ஜெர்சி அச்சடிக்கும் தொழிலில் இருக்கிறேன். நேரு ஸ்டேடியம் நடந்து போகிற தூரம் என்பதால் ஆட்டங்களையும் விடுவதில்லை. டிசைன் செய்கிறவர்கள் பேசுவதும் காதில் விழும், ஸ்டாண்டில் கத்துகிறவர்கள் பேசுவதும் காதில் விழும். அந்த இரண்டையும் வைத்து விரிவாகச் சொல்கிறேன்.

முதல் நாள் கருத்துகளில் பாதிக்கு மேல் ஜெர்சியைப் பற்றியவையே அல்ல, படத்தைப் பற்றியவை. ஸ்டுடியோ விளக்கில், புத்தம் புதுச் சட்டையை, கச்சிதமான உடம்புள்ள ஆட்டக்காரருக்கு மாட்டி எடுத்த படம் அது. ஒரே நீலம் ஒரு போனில் கருநீலமாகத் தெரியும், இன்னொன்றில் ஊதா அடிக்கும். டிசைனர் போட்ட மெல்லிய கோலக் கோடுகளைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஒருவர் சிலாகிப்பார், ஒருவர் திட்டுவார். இரவு ஏழரை மணிக்கு ஃப்ளட்லைட் வெளிச்சத்தில் அந்தக் கோடு எதுவும் தெரியாது. தெரிவதெல்லாம் ஒரு நிறம், ஒரு எண், ஒரு ஸ்பான்சர் பெயர்.

நம் ஸ்டேடியத்தில் இது இன்னும் அதிகம். 1993-இல் திறந்த மைதானம். 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்த இடம். கால்பந்துக்கென்றே கட்டியதல்ல, சுற்றிலும் தடகள ஓடுபாதை ஓடுகிறது. கோல் கம்பத்துக்குப் பின்பக்க ஸ்டாண்டில் உட்கார்ந்தால், எதிர்ப்பக்கம் பந்தோடு ஓடுகிறவர் யார் என்பது எண்ணைப் பார்த்தால்தான் புரியும். அடர்நீலத் துணியில் சாம்பல் எண் போட்டால் படத்தில் ரொம்ப ஸ்டைலாக இருக்கும். ஸ்டாண்டிலிருந்து பார்த்தால் முதுகு வெறுமையாகத் தெரியும். ஆகவே புது ஜெர்சி பற்றி யாராவது "நம்பர் தெரியுமாப்பா?" என்று கேட்டால் அவர் பேச்சை மதியுங்கள். அவர் ஸ்டேடியத்துக்குப் போகிறவர்.

நிறம் தெரியாமல் போவது ரசிகருக்கு மட்டும் சிரமம் என்று நினைக்காதீர்கள். 1996 ஏப்ரல் 13 அன்று சவுத்தாம்ப்டன் மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட் சாம்பல் நிற ஜெர்சியில் ஆடியது. இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கியது. இரண்டாம் பாதிக்கு நீலமும் வெள்ளையும் கலந்த சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்கள், ஆட்டம் 3-1 என்று தோல்வியில் முடிந்தது. கூட்டத்தின் பின்னணியில் சக ஆட்டக்காரர்களை அடையாளம் காண முடியவில்லை என்றார் அணியின் மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன். தோல்விக்குச் சொன்ன சாக்கு என்று பலர் பேசினார்கள். ஆனால் அந்தச் சாம்பல் சட்டையில் ஐந்து ஆட்டம் ஆடி ஒன்றில்கூட அந்த அணி ஜெயிக்கவில்லை, நான்கில் தோற்றது. அதோடு அந்த ஜெர்சியைக் கைவிட்டார்கள். தலை நிமிராமலே ஓரக்கண்ணில் நிறத்தைப் பார்த்து பாஸ் கொடுப்பவன் கால்பந்து ஆட்டக்காரன். அந்தத் தொழில் தெரிந்தவர்கள் ஜெர்சியை முதலில் தூரத்தில் தொங்கவிட்டுத்தான் பார்ப்பார்கள்.

விதியும் இதைத்தான் கேட்கிறது. ஆட்ட விதிகளில் நான்காவது விதி உடையைப் பற்றியது. இரண்டு அணிகளின் நிறமும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரிய வேண்டும், நடுவர்களின் உடையிலிருந்தும் பிரிந்து தெரிய வேண்டும். கோல்கீப்பருக்குத் தனி நிறம். உள்ளே பனியன் போட்டால் அதன் கை, ஜெர்சியின் கை நிறத்தில் இருக்க வேண்டும். நமக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு: பெங்களூரு எஃப்சியும் நீலம், மும்பை சிட்டி வெளிர்நீலம். அதனால் நம் வெளியூர் ஜெர்சியைச் சும்மா இரண்டாவது சட்டை என்று ஒதுக்க முடியாது. அது நீலத்திலிருந்து நன்றாக விலகி நிற்க வேண்டும். வெளிர்நீலம் கலந்த வெள்ளை என்று யாராவது கொண்டுவந்தால் ரசிகர்கள் முகம் சுளிப்பது நியாயம்.

அப்புறம் வெற்றி. டிசைன் பற்றிய கருத்துகளை இதைப்போல மாற்றுவது வேறெதுவும் இல்லை. 2015 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசனில் நம் அணி போட்ட நீல ஜெர்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் அதைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் காலர் எப்படி, கை எப்படி என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. அந்த டிசம்பரில் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்கு மாற்றினார்கள், அங்கே போய் கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில் இறுதி ஆட்டம். முடிகிற நேரத்தில் 1-2 என்று பின்தங்கியிருந்த அணிக்கு கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் கிடைத்தது. ஸ்டீவன் மெண்டோசா அடித்த அந்தக் கடைசி கோலோடு கோப்பை வந்தது. வீட்டில் சேறு அள்ளிக்கொண்டிருந்த ஊருக்கு அந்தச் சட்டை வேறு மாதிரிதான் தெரியும். அதன் டிசைனைப் பற்றி இனி யாரிடமும் விவாதிக்க முடியாது, விவாதிக்கவும் வேண்டாம்.

ஆகவே "ஜெயிச்சா எல்லாம் சரியாயிடும்" என்று கிளப் பக்கம் பேசுகிறவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. எதுவரை உண்மை என்பதைப் பார்க்க கார்டிஃப் சிட்டியைப் பார்க்க வேண்டும்.

வேல்ஸின் அந்த கிளப் நூறு ஆண்டுக்கு மேலாக நீலத்தில் ஆடிக்கொண்டிருந்தது, சின்னத்தில் நீலப் பறவை. மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான் உரிமையாளராக வந்தார். 2012-இல் சட்டையைச் சிவப்பாக்கினார், சின்னத்தில் பெரிதாக டிராகனை வைத்தார், பறவையைக் கீழே சிறிதாக ஒதுக்கினார். சிவப்பு ஆசியச் சந்தையில் எடுபடும் என்பது கணக்கு. அந்தச் சிவப்புச் சட்டையில் முதல் சீசனிலேயே இரண்டாம் நிலை லீகை வென்று, 51 ஆண்டு கழித்து முதல் நிலைக்கு ஏறினார்கள். அந்தத் தலைமுறை ரசிகர்கள் பார்த்த பெரிய வெற்றி அது. அப்படியும் ரசிகர்கள் நீலத் துண்டோடுதான் மைதானத்துக்கு வந்தார்கள், ஊர்வலம் போனார்கள், நீலம் வேண்டும் என்று பாடினார்கள். கடைசியில் 2015 ஜனவரியில் உரிமையாளர் இறங்கி வந்தார், அணி மறுபடி நீலத்தில் இறங்கியது. வெற்றி கோடுகளையும் காலரையும் மன்னிக்க வைக்கும், நிறத்தை மன்னிக்க வைக்காது. உங்கள் நண்பர்கள் சண்டை எந்த வகை என்று பிரித்துப் பார்க்க இதுவே போதும்.

ஆஸ்திரியாவில் இதைவிடக் கசப்பாக முடிந்தது. 2005-இல் ரெட் புல் நிறுவனம் சால்ஸ்பர்க் கிளப்பை வாங்கியதும் ஊதா-வெள்ளையை நீக்கி சிவப்பு-வெள்ளையைக் கொண்டுவந்தது. ஊதா ரசிகர்கள் பேச்சுவார்த்தை நடத்திப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. விலகிப் போய்த் தங்களுக்கென்று தனி கிளப்பையே தொடங்கி, ஊதாச் சட்டையோடு கீழ்மட்ட லீகிலிருந்து ஆட ஆரம்பித்தார்கள்.

நம் நாட்டிலும் பாடம் இருக்கிறது. 2020-இல் கொல்கத்தாவின் ஏடிகே கிளப்பும் அதே ஊரின் பழைய கிளப்பான மோகன் பகானின் கால்பந்துப் பிரிவும் இணைந்தபோது, பச்சை-மெரூன் நிறமும் படகுச் சின்னமும் தொடரும் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. 1911-இல் வெறுங்காலோடு ஆடி ஆங்கிலேயப் படையணியைத் தோற்கடித்து ஐஎஃப்ஏ ஷீல்டு கோப்பையை வாங்கிய மோகன் பகான் அது, அந்த நிறத்தில் கை வைக்க யாருக்கும் துணிவில்லை. ஆனால் பெயருக்கு முன்னால் ஏடிகே ஒட்டிக்கொண்டது. அதை எடு என்று ரசிகர்கள் மூன்று ஆண்டுகள் விடாமல் கத்தினார்கள். 2023-இல் ஐஎஸ்எல் கோப்பையை வென்ற கையோடு பெயர் மாற்றத்தை அறிவித்தார்கள். அணி நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோதும் ரசிகர்கள் அந்தக் கோரிக்கையை விடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இங்கிலாந்தில் இப்போது இதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். 2025-இல் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டத்தின்படி, கிளப் தன் சின்னத்தையோ சொந்த மைதான ஜெர்சியின் முக்கிய நிறத்தையோ மாற்ற நினைத்தால் ரசிகர்களில் பெரும்பான்மையினரின் ஒப்புதல் இருப்பதைக் காட்ட வேண்டும். காலரைப் பற்றியோ கோட்டைப் பற்றியோ சட்டம் எதுவும் சொல்லவில்லை. நான் மேலே பிரித்த அதே கோடுதான். ரசிகர்களைக் கேட்க வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

இனி நம் நீலத்துக்கு வருகிறேன். சென்னையில் நீலத்துக்கு ஒரு தனிப் பாடு இருக்கிறது. 2008-லிருந்து இந்த ஊரின் விளையாட்டு நிறம் என்றால் மஞ்சள், கிரிக்கெட் அப்படிச் செய்துவிட்டது. மகேந்திர சிங் தோனி நம் கிளப்பிலும் பங்குதாரர் என்பதால் "ஒரு மஞ்சள் ஜெர்சி போடலாமே, பிச்சுக்கிட்டுப் போகுமே" என்று கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். விற்கும், சந்தேகமில்லை. ஆனால் மஞ்சளில் ஆடும் கேரளா பிளாஸ்டர்ஸ் அணி சென்னைக்கு வருகிற நாளில் ஸ்டேடியத்துக்கு வந்து பாருங்கள். மஞ்சள் சட்டைக்காரர்கள் ஒரு பக்கம் முழுக்க நிரம்பியிருப்பார்கள். ரயிலேறி வருகிறவர்கள் உண்டு, இங்கேயே வேலை பார்க்கிற மலையாளிகளும் உண்டு. அந்தக் கூட்டத்துக்கு எதிரே நீலத்தோடு நின்று தொண்டை கிழியக் கத்துகிற பையனிடம் மஞ்சள் ஜெர்சியைக் கொடுத்து இதுவும் நம்முடையதுதான் என்று சொல்ல முடியுமா? மூன்றாவது ஜெர்சியாகக்கூட மஞ்சள் வரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதே கிரிக்கெட் அணியிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. 2021-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் ஜெர்சியை மாற்றினார்கள். தோளில் ராணுவ உடையின் நிறத்திட்டுகள், சின்னத்துக்கு மேல் மூன்று நட்சத்திரம். மஞ்சளை அப்படியே விட்டுவிட்டார்கள். தோளைப் பற்றிக் கொஞ்ச நாள் பேசினார்கள், அவ்வளவுதான். சட்டையின் உடல் மாறாமல் இருந்தால் தோளில் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடலாம்.

சின்னத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் கிளப் சின்னத்தில் இருப்பது திருஷ்டி பொம்மையின் முகம். உருட்டிய கண், பெரிய மீசை. கட்டிக்கொண்டிருக்கிற வீட்டின் முகப்பில் தொங்கும் அதே முகம்தான். சிங்கம், புலி, யானை என்று எந்த ஊர் கிளப்பும் வைத்துக்கொள்ளலாம், இந்த முகம் நம் தெருவிலிருந்து வந்தது. இதைச் சுத்தப்படுத்துகிறேன், எளிமையாக்குகிறேன் என்று கிளம்பி, வெறும் வட்டமும் இரண்டு கோடுமாக ஆக்கிவிடுகிற வழக்கம் இப்போது உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. நம் சின்னத்துக்கு அது வந்தால் நான் முதல் ஆளாக எதிர்ப்பேன். தயாரிப்பில் வருகிற சிக்கல் ஒன்றும் உண்டு: முகத்தில் நுணுக்கமான கோடுகள் நிறைய, மலிவான எம்ப்ராய்டரியில் கண்ணும் மீசையும் ஒன்றாகக் கலந்துவிடும். இந்தச் சின்னத்துக்கு சூட்டில் ஒட்டுகிற ரப்பர் வகைதான் பொருத்தம். வாங்கும்போது அந்தக் கண்ணைப் பாருங்கள், வேலையின் தரம் தெரிந்துவிடும்.

டிசைனில் சென்னையைக் காட்டுவது பற்றியும் ரசிகர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. கபாலீஸ்வரர் கோயில் கோபுரம், கலங்கரை விளக்கம், மெரினா அலை, சென்ட்ரல் ரயில் நிலையக் கோபுரம் இவை எதையாவது மெல்லிய கோட்டில் துணியில் ஓடவிடுவது டிசைனர்களுக்குப் பிடித்தமான வேலை. அழகாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஊரின் கால்பந்து அங்கே வளரவில்லை. அது வியாசர்பாடியில், புளியந்தோப்பில், பெரம்பூரில், ராயபுரத்தில், காசிமேட்டில் வளர்ந்தது. பெரியமேட்டுக் கண்ணப்பர் திடலில், ஐசிஎஃப் மைதானத்தில், புல் முளைக்காத கட்டாந்தரைகளில் வளர்ந்தது. வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ் 2018 மார்ச் 13 அன்று கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். முன்கள ஆட்டக்காரர் ஜெஜே இரண்டு போட்டார், 3-0. நான்கு நாள் கழித்து பெங்களூரின் சொந்த மைதானத்தில் 3-2 என்று ஜெயித்து இரண்டாவது கோப்பையும் வந்தது. அந்த மனிதரின் தெரு இன்னும் ஒரு டிசைனருக்கும் சித்திரமாகத் தோன்றவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. வடசென்னையைப் போடு என்று ஒரு ரசிகர் கேட்டால் அதை ஊர்ப்பாசம் என்று தள்ளிவிடாதீர்கள். அவர் வரலாறு தெரிந்து பேசுகிறார்.

ஸ்பான்சர் விஷயத்தில் ரசிகர்கள் புலம்புவது பழகிப்போன ஒன்று. ஸ்பான்சர் இல்லாமல் கிளப் நடக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெயரை எப்படிப் போடுகிறார்கள் என்பதே பிரச்சினை. நீலச் சட்டையின் நடுவில் வெள்ளைப் பெட்டி கட்டி அதற்குள் மூன்று நிறத்தில் லோகோவைத் திணித்தால் எந்த டிசைனும் செத்துவிடும். அதே பெயரை ஒரே நிறத்தில், பெட்டி இல்லாமல் போட்டால் கண்ணை உறுத்தாது. ஒப்பந்தம் போடும்போதே இதைக் கேட்டு வாங்கிக்கொள்ள கிளப்பால் முடியும். யாருடைய பெயர் என்பதும் முக்கியம். இங்கிலாந்து பிரீமியர் லீகில் 2026-27 சீசனிலிருந்து சட்டையின் முன்பக்கம் சூதாட்ட நிறுவனப் பெயர் போடுவதில்லை என்று கிளப்புகளே முடிவெடுத்திருக்கின்றன. இங்கே 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடைச் சட்டம் வந்ததும் இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து ட்ரீம்11 பெயர் போனது. பத்து வயதுப் பிள்ளை மாட்டிக்கொண்டு பள்ளி மைதானத்துக்குப் போகிற சட்டை அது. பெற்றோர் இதில் கோபப்பட்டால் முழு நியாயம் அவர்கள் பக்கம்.

இப்போது துணி. இதில் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஆட்டக்காரர் போட்டிருக்கிற நீலம் வேற, எனக்கு வந்த நீலம் வேற" என்ற புகார் அடிக்கடி வரும். அது கற்பனை இல்லை. இப்போது ஜெர்சிகளில் பெரும்பாலானவை சப்ளிமேஷன் முறையில் வருகின்றன. டிசைனைத் தாளில் அச்சடித்து, தாளை வெள்ளை பாலியஸ்டர் துணி மேல் வைத்து, ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்துவோம். மை ஆவியாகி இழைக்குள் போய் உட்கார்ந்துவிடும். எத்தனை நிறம் வேண்டுமானாலும் போடலாம், உரியாது, மூச்சும் அடைக்காது. ஆனால் சூடோ நேரமோ கொஞ்சம் தப்பினால் அடர்நீலம் ஊதா அடிக்கும், ஒரு நாள் அச்சடித்ததும் மறுநாள் அச்சடித்ததும் ஒத்துப்போகாது. துணியின் உட்பக்கம் வெள்ளையாகவே இருக்கும், தொந்தியில் இழுபடும்போது அந்த வெள்ளை எட்டிப் பார்க்கும். துணியையே நீலத்தில் சாயம் போட்டுத் தைத்தால் இந்தத் தொல்லை கிடையாது, நிறம் உள்ளும் புறமும் ஒன்றாக இருக்கும். ஆனால் கோலமும் கோபுரமும் அதில் சுலபமாகப் போட முடியாது, செலவும் கூடும். ஆக, டிசைனில் வேலைப்பாடு கூடக் கூட நீலத்தின் நிலைத்தன்மை குறைகிறது. என்னைக் கேட்டால் முழுச் சாயம் போட்ட நீலத் துணி, கழுத்தில் ஒரு நல்ல வேலைப்பாடு, தெளிவான வெள்ளை எண். அது போதும்.

சென்னையின் புழுக்கத்தையும் டிசைனர் நினைக்க வேண்டும். சாம்பலும் வெளிர்நீலமும் வேர்வையை அப்படியே காட்டிக்கொடுக்கும். வெள்ளையிலும் கருநீலத்திலும் அவ்வளவு தெரியாது. மார்ச்சில் ஸ்டாண்டில் நின்று இரண்டு மணி நேரம் குதித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆட்டக்காரர் அணியும் வகை உடம்போடு ஒட்டும்படி மெல்லிய துணியில் வரும், ரசிகருக்கான வகை கொஞ்சம் தொளதொளவென்று கனமாக வரும். வெயில் ஊரில் ரசிகருக்கும் மெல்லிய துணிதான் வேண்டும், அளவு மட்டும் தாராளமாக இருந்தால் போதும். கனத்த துணியை மலிவு வகைக்கு ஒதுக்குவது குளிர் நாட்டுப் பழக்கம், அதை இங்கே அப்படியே பின்பற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எல்லாவற்றையும்விட நான் பெரிதாக நினைப்பது விலை. புது ஜெர்சி பற்றி அதிகம் பேசுகிறவர்கள் அதை வாங்கக்கூடியவர்கள். வாங்க முடியாதவர்கள் பேசுவதே இல்லை. சிடென்ஹாம்ஸ் சாலைக் கடைகளில் ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள். ஏரியா டீம் பையன்கள் காசு சேர்த்துக்கொண்டு வந்து செட் ஜெர்சிக்கு விலை பேசுவார்கள். சட்டை, ஷார்ட்ஸ், பெயர், எண் எல்லாம் சேர்த்தே அதிகாரபூர்வ ஜெர்சி ஒன்றின் விலையைவிடக் குறைவாக முடிந்துவிடும். கிளப் ஜெர்சியின் நகலும் ப்ளாட்பாரத்தில் கிடைக்கும், அதைத்தான் வாங்குவார்கள். அவர்களைத் திருட்டு ஜெர்சி போடுகிறவர்கள் என்று கேலி செய்கிற ரசிகர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்தப் பையன் எத்தனையோ பெரிய ஐரோப்பிய கிளப் நகல்கள் தொங்குகிற கடையில் நம் நீலத்தைத் தேடி எடுத்திருக்கிறான். அவனுக்கு கிளப் ஒரு சட்டை கடன்பட்டிருக்கிறது.

செய்வதும் கடினமில்லை. அதே நீலம், அதே சின்னம், டாட் நிட் என்கிற சாதாரண பாலியஸ்டர் பின்னல் துணி, ஸ்பான்சர் பெயர் வேண்டாம், எண் வேண்டாம். திருப்பூர் நம் மாநிலத்தில்தான் இருக்கிறது, மொத்தமாகத் தைத்தால் ஏரியா டீம் கொடுக்கிற விலையிலேயே கொடுக்கலாம். லாபம் குறையும். ஆனால் ஸ்டாண்டில் நீலம் கூடும், டிவியில் அந்தக் கூட்டத்தைப் பார்க்கிற ஸ்பான்சரும் அதற்குத்தான் பணம் கொடுக்கிறார்.

சரி, ரசிகர்களிடம் எப்படிக் கேட்பது? மூன்று படத்தைப் போட்டு ஓட்டெடுப்பு வைப்பது எனக்குப் பிடிக்காது. அதில் எப்போதும் பளபளப்பானது ஜெயிக்கும், எண் தெரிகிறதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். நல்ல முன்மாதிரி பிரேசில். 1950 உலகக் கோப்பை வரை அவர்கள் வெள்ளைச் சட்டைதான் போட்டார்கள். அந்தக் கோப்பையில் மரக்கானா மைதானத்தில் உருகுவேயிடம் தோற்ற பிறகு அந்த வெள்ளையே வேண்டாம் என்றாகிவிட்டது. கொஹெயோ தா மன்யா என்ற செய்தித்தாள் போட்டி அறிவித்தது. ஒரு நிபந்தனை: தேசியக் கொடியின் நான்கு நிறமும் உடையில் வர வேண்டும். 20 வயது நிரம்பாத அல்திர் கார்சியா ஷ்லே என்ற இளைஞர் மஞ்சள் சட்டை, பச்சை ஓரம், நீல ஷார்ட்ஸ், வெள்ளைக் காலுறை என்று வரைந்து அனுப்பி ஜெயித்தார். 1954-லிருந்து உலகமே அறிந்த சட்டை அது. கட்டு முதலில் வந்தது, கற்பனை அதற்குள் ஓடியது. நம் கிளப்பும் நீலம், பொம்மை முகம், இரண்டு கோப்பைக்கான நட்சத்திரம், தெளிவான எண் இவற்றை எழுதி வைத்துவிட்டு, மற்றதை ஊரிலுள்ள ஓவியக் கல்லூரி மாணவர்களிடம் விடட்டும்.

கேட்கிற நேரமும் முக்கியம். பெரிய நிறுவனங்களில் ஒரு ஜெர்சிக்கான வேலை சீசனுக்கு ஓராண்டுக்கு மேல் முன்பே தொடங்கிவிடும். நம் ஊர் அளவில் அவ்வளவு இல்லை, ஆனாலும் துணி வாங்கி மாதிரி தைத்த பிறகு கேட்பதில் பயனில்லை. பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர் மச்சான்ஸ் போன்ற ரசிகர் குழுக்களிலிருந்து சிலரை மாதிரி தைக்கும் முன்பே கூப்பிட்டு, துணியைக் கையில் கொடுத்து, ஒரு சட்டையை எதிர் ஸ்டாண்டில் தொங்கவிட்டு எண் தெரிகிறதா என்று கேட்டாலே பாதிச் சண்டை குறையும்.

உங்கள் நண்பர்களுக்குச் சொல்லுங்கள்: படம் வந்த அன்று தீர்ப்பு சொல்ல வேண்டாம், முதல் சொந்த மைதான ஆட்டம் வரை பொறுக்கட்டும். வாங்குவதென்றால் கடைக்குப் போய்ச் சட்டையைத் திருப்பி உட்பக்கத் தையலைப் பாருங்கள். நெஞ்சுப் பக்கம் துணியை இரண்டு விரலால் இழுத்து வெள்ளை தெரிகிறதா என்று பாருங்கள். ஆட்டக்காரர் வகை என்றால் ஒரு அளவு பெரிதாக எடுங்கள். வீட்டில் உட்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பச்சைத் தண்ணீரில் துவைத்து, நிழலில் காயப்போடச் சொல்லுங்கள். எண் மேல் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது, ஸ்டிக்கர் எண் உரிந்து வருவது பெரும்பாலும் அதனால்தான்.